நம்பர் இல்லாத புள்ளி

வரைபடக்காரியின் கணவர் ஒரு சனிக்கிழமை காலை ஹாலிலிருந்து சமையலறைக்கு டீ குடிக்கப் போனார். போய்ச் சேர ஒன்றரை மாதம் ஆயிற்று. வீடு ஒன்றும் அரண்மனை இல்லை. ஹாலையும் சமையலறையையும் சேர்த்து நடந்தால் பத்துப் பன்னிரண்டு காலடி வரும், நடுவில் கதவில்லாத ஒரு வாசல்படி, அவ்வளவுதான். அவர் செய்தித்தாளை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு எழுந்ததை அடுப்படியில் நின்ற அவருடைய அக்கா பார்த்தாள். வாசல்படியில் வலது காலை வைத்ததையும் பார்த்தாள். இடது காலை அவள் பார்க்கவில்லை. ஒன்றரை மாதம் கழித்து அவர் வந்து சேர்ந்தது வாசல்படி வழியாக அல்ல, அடுப்புக்குப் பின்னால் இருக்கும் கிழக்குச் சுவர் வழியாக. சட்டையில் உப்புப் பூத்திருந்தது, மூக்கு வெயிலில் தோலுரிந்திருந்தது, செய்தித்தாள் அக்குளிலேயே இருந்தது. சுவரில் மாட்டியிருந்த கரண்டிகளில் ஒன்றுகூட ஆடவில்லை. “டீ ஆறிடுச்சா?” என்று கேட்டார்.

இதற்கெல்லாம் காரணம் வரைபடக்காரிதான் என்று அவளுடைய நாத்தனார் ஊரெல்லாம் சொன்னாள். அது பொய்யில்லை. விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கிற நிலையம் ஒன்றில் அவளுக்கு வேலை. அங்கே விமானம் எதுவும் பறப்பதில்லை. மூக்கை மட்டும் வெட்டி வைத்த மாதிரி வரிசையாகப் பொம்மை விமான அறைகள் இருக்கும். அதற்குள் உட்கார்ந்து பயிலுகிறவர்கள் வேர்த்துக் கொட்டிக்கொண்டு கடல்களைத் தாண்டுவார்கள், கட்டடம் இருந்த இடத்திலேயே இருக்கும். அவர்கள் தாண்டுகிற கடல் எது, எங்கே இருக்கிறார்கள் என்பதைக் காட்ட நடுக்கூடத்தில் சுவரளவு திரை ஒன்று உண்டு. திரையில் உலகம் தட்டையாக விரிந்து கிடக்கும். அதன்மேல் விமானங்கள் நம்பர் போட்ட புள்ளிகளாக ஊரும். செயற்கைக்கோள்களின் பாதைகளும் தெரியும். உருண்டையின்மேல் ஒழுங்கான வட்டமாக இருக்கிற பாதை, தட்டையில் விரித்ததும் பாம்பு போன தடம்போல நெளிந்துவிடும். இப்படி உலகத்தை விரித்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. ஆரஞ்சுத் தோலைக் கிழிக்காமல் மேசைமேல் பரப்ப முடியாது, உலகமும் அப்படித்தான். எங்கேயாவது ஒரு கோடு கிழித்தே ஆக வேண்டும். கிழித்த இடம் ஒரு பக்கம் திரையின் இடது ஓரமாகவும் மறுபக்கம் வலது ஓரமாகவும் ஆகிவிடும். பழைய வரைபடத்தில் அந்தக் கிழிசலைப் பெருங்கடலின் நடுவில், மீன்களைத் தவிர யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடத்தில் வைத்திருந்தார்கள்.

அந்தக் கடலுக்குக் குறுக்கே புதிதாக ஒரு விமானத் தடம் வந்தபோதுதான் தொல்லை ஆரம்பித்தது. மேலாளர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு திரையைப் பார்த்தார். விமானம் வலது ஓரத்தில் பாதியாக மறைந்து இடது ஓரத்தில் மீதியாக முளைத்தது. “என்னம்மா இது, நம்ம ஃபிளைட்ட ரெண்டா ஒடச்சு வெச்சிருக்கீங்க? பாக்க வர்றவங்க என்ன நெனப்பாங்க? அந்தக் கிழிசல வேற எங்கயாவது தள்ளுங்க” என்றார். எங்கே தள்ளுவது என்பதுதான் கேள்வி. துருவத்திலிருந்து துருவம் வரை இழுக்கிற கோடு, எங்கே வைத்தாலும் யாரோ ஒருவருடைய ஊரில்தான் விழுந்தது. விஷயம் பரவியதும் ஒவ்வொருவராக அவள் மேசைக்கு வந்து பல்லைக் காட்டினார்கள். எங்க ஊர் வேண்டாம் என்றார் பயிற்சியாளர் ஒருவர். என் மாமியார் ஊரில் போடுங்கள், புண்ணியமாகப் போகும் என்றார் இன்னொருவர். அவள் சிரித்துவிட்டு, முதலில் சோதனைக்கு என்று தன் வீட்டு எண்களைத் தட்டி வைத்தாள். வரைபடக்காரர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. மைக் போடுகிறவர் ‘ஹலோ ஹலோ’ என்று சொல்லிப் பார்ப்பதுபோல அவர்கள் தம் வீட்டு அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் போட்டுப் பார்ப்பார்கள். மனப்பாடமாகத் தெரிந்த எண் அது ஒன்றுதான். பார்த்து முடித்ததும் எடுத்துவிட வேண்டும். அவள் எடுக்கவில்லை. அன்றைக்கு வேறு நாலு வேலை வந்து விழுந்தது, மறந்துபோனாள்.

இன்னொன்றையும் அவள் செய்யவில்லை. ஓரத்தில் வெளியேறுகிற புள்ளி எதிர் ஓரத்தில் உடனே நுழைய வேண்டும் என்று கணினிக்குத் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் அது இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை முழு உலகத்துக்கும் குறுக்கே கோடு இழுத்துவிடும். இது சோதனைதானே, தன் வீட்டுக்கு மேலே எந்த விமானமும் போவதில்லையே என்று அவள் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என விட்டுவிட்டாள். இப்படியாக அந்தச் சனிக்கிழமை புது வரைபடம் திரையில் ஏறிய நிமிஷத்தில் உலகத்தின் கிழிசல் அவள் வீட்டு வாசல்படிக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. ஹால் உலகத்தின் வலது கோடி ஆயிற்று, சமையலறை இடது கோடி. அதே கோட்டில் வடக்கேயும் தெற்கேயும் எத்தனையோ வீடுகள் இருந்தன. அங்கெல்லாம் அது மயிரிழையாக இருந்ததால் ஜனங்கள் தெரியாமலே தாண்டிப் போனார்கள். அவள் தட்டிய எண் தன் வாசல்படியின் எண், ஆகையால் அங்கே மட்டும் அது முழுசாக இருந்தது.

திரையில் ஒரு புள்ளி முளைத்ததை அவள்தான் முதலில் பார்த்தாள். வலது கோடியில் கிளம்பி மெதுவாக மேற்கே நகர்ந்தது. அதற்கு நம்பர் இல்லை. திரை துடைக்கிறவர் தூசி என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தார். புள்ளி துணிக்கு அடியில் கொஞ்சம் நகர்ந்திருந்ததே தவிரப் போகவில்லை. அப்போது வீட்டிலிருந்து போன் வந்தது. “டீ குடிக்க வந்த உன் புருஷன் வந்து சேரல. கண்ணு முன்னாடி காணோம். நான் ஹால்ல போய்ப் பாக்கறேன், நீ லைன்லயே இரு” என்றாள் நாத்தனார். வரைபடக்காரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “அண்ணி, அந்தப் படியத் தாண்டாதீங்க. சமையக்கட்டுலயே நில்லுங்க. வெளிய போகணும்னா பின்வாசல் வழியா சுத்திப் போங்க” என்று கத்தினாள். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எண்ணை உடனே மாற்றிவிடலாம் என்று கை போனது, போன வேகத்தில் நின்றது. கிழிசலை இப்போது நகர்த்தினால் அவர் எந்தக் கடலில் எந்த மலையில் நிற்பார்? போய்ச் சேர வேண்டிய ஓரமே இல்லாமல் போய்விடுமே. ஆகவே அவள் எதையும் தொடவில்லை. தினமும் காலையில் போய் முதல் வேலையாகத் திரையைப் பார்த்தாள். புள்ளி ஒரு பாலைவனத்தில் ஊர்ந்தது, பிறகு பல நாள் தண்ணீரில் ஊர்ந்தது. வீட்டில் இரண்டு பெண்களும் ஹாலுக்கும் சமையலறைக்கும் சந்து வழியாகச் சுற்றி வந்தார்கள். சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். அக்கம்பக்கம் கேட்டபோது வீட்டில் சின்ன ரிப்பேர் என்று சொன்னார்கள்.

கேப்டன் என்றுதான் ஊரில் வரைபடக்காரியின் கணவரைக் கூப்பிட்டார்கள். ஒரு காலத்தில் உண்மையாகவே கேப்டன். வருஷக்கணக்காக விமானம் ஓட்டியவர், வீட்டில் இரண்டு தடவை மயங்கி விழுந்தார். ஒரு முறை ஷூ கயிறு கட்டும்போது, ஒரு முறை முகம் மழிக்கும்போது. விமான நிறுவனத்து டாக்டர் சோதித்தபோது அவர் உடம்பு கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. டாக்டர் பேனாவை மூடிவிட்டு, பேச்சுவாக்கில் மனைவியிடம் கேட்டார், வீட்டில் எப்போதாவது மயக்கம் வந்ததுண்டா என்று. கேப்டன் அவளைப் பார்த்தார். அவள் ஆமாம் என்றாள். அத்தோடு உரிமம் போயிற்று. அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வரும் இருநூறு பேரை நினைத்துத்தான் சொன்னாள், மனசாட்சிப்படி சொன்னாள், ஆனாலும் அந்தப் பார்வை அவளுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதே நிலையத்தில் பொம்மை அறைகளில் பயிற்சியாளராகச் சேர்ந்து, நகராத நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களுக்குப் பறக்கச் சொல்லிக் கொடுத்தார். வீட்டில் ‘கரண்ட் வந்துடுச்சா’, ‘சாவி எங்க’ என்பதற்கு மேல் பேச்சு இல்லை. பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவருடைய அக்கா பேசினாள்.

திரும்பி வந்த கேப்டன் ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு இரண்டு நாள் தூங்கினார். அவர் முகத்தில் பல வருஷமாக இல்லாத ஒரு தெளிச்சி இருந்தது. அதைப் பார்க்க வரைபடக்காரிக்குச் சந்தோஷமாகவும் பயமாகவும் இருந்தது. எங்கே போனீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, “நல்ல காத்து” என்று மட்டும் சொன்னார். இன்னொன்றையும் அவள் கவனித்தாள். அவருடைய நிழல் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கட்டுப்படவில்லை. பட்டப்பகலில் அது சாயங்கால நிழலாக நீண்டு, எங்கேயோ இருக்கிற வேறு ஒரு வெயிலைப் பார்த்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை அவரே கேட்டார்.

“அந்தக் கோடு எங்க இருக்கு?”

அவள் வாசல்படியில் விரலால் காட்டினாள். “நாளைக்கு மொத வேலையா எடுத்துடுறேங்க” என்றாள்.

“எடு” என்றார். மறுநாள் காலை அவள் குளித்துவிட்டு வருவதற்குள், வீட்டுக்குள் ஒருநாளும் ஷூ போடாத மனுஷர் ஷூவைப் போட்டு, கயிற்றை இரண்டு முடிச்சாகக் கட்டிக்கொண்டு, ஹாலிலிருந்து சமையலறைக்குப் போயிருந்தார்.

இந்த முறை புள்ளி பாதிக் கடல் தாண்டியிருந்தபோது மேலாளர் ஒரு புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். தட்டைத் திரையைக் கழற்றிவிட்டு, கூடத்தின் நடுவில் உருண்டையாகவே உலகத்தைக் காட்டுகிற திரை. ஆளுயரத்துக்கு மேல் இருக்கும், தானாகச் சுழலும், கிழிசல் என்ற பேச்சே கிடையாது. எல்லோரும் வரைபடக்காரிக்கு வாழ்த்துச் சொன்னார்கள், இனி உனக்குத் தலைவலி விட்டது என்றார்கள். அவள் மேலாளர் அறைக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஒரு புள்ளி இன்னும் வழியில் இருக்கிறது, அது ஓரம் வந்து சேர்கிற வரைக்கும் பொறுங்கள் என்று கெஞ்சினாள். அவர் கெட்டவர் இல்லை, காது கொடுத்துக் கேட்டார். கேட்டுவிட்டு, “அந்தப் புள்ளிக்கு நம்பர் இருக்கா?” என்றார். இல்லை என்றாள். “நம்பர் இல்லாத ஃபிளைட்டுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்?” என்றார். திறப்பு விழாவில் உருண்டை சுழன்றபோது கைதட்டல் நிற்கச் சற்று நேரம் ஆயிற்று. எங்கே கை வைத்தாலும் உலகம் தொடர்ந்து போய்க்கொண்டே இருந்தது. ஓரத்தைத் தேடிக் கிளம்பிய புள்ளி, ஓரம் இல்லாத உலகத்தில் தன் வீட்டை நோக்கி வந்தது, வீட்டைத் தாண்டிப் போயிற்று.

அன்றைக்குச் சமையலறையில் இருந்தது நாத்தனார் மட்டும். தம்பி கிழக்குச் சுவர் வழியாக வந்தார், அடுப்பைத் தாண்டினார், வாசல்படியைத் தாண்டினார், நிற்கவில்லை. அவள் ஓடிப்போய்ச் சட்டைக் கையைப் பிடித்தாள். “விடுக்கா, நேரமாச்சு” என்று சொல்லிக்கொண்டே ஹாலைக் கடந்து, மூடிய முன்கதவு வழியாகத் தெருவுக்குப் போய்விட்டார். நாத்தனார் கையில் ஒரு பட்டன் மிஞ்சியது. அடுத்த சுற்றில் அவர் இவர்கள் வீட்டுக்கு வரவில்லை. சுழலுகிற உருண்டையின்மேல் எந்தப் பாதையும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் விலகித்தான் விழும். செயற்கைக்கோள் கணக்கு தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரர் வெட்டிக்கொண்டிருந்த துணிக்கு மேலாக நடந்து போனார். அதற்கடுத்து பல் டாக்டரின் அறையில், வாயைத் திறந்து படுத்திருந்தவரின் கால்மாட்டில் போனார். தடுக்கிற ஓரம் இல்லாததால் வேகமும் கூடிக்கொண்டே போயிற்று. முதலில் மாதக்கணக்கில் ஆன சுற்று வாரமாகி, நாளாகி, கடைசியில் ஒரு சினிமா பார்க்கிற நேரத்தில் வந்து நின்றது. ஆனால் வீடுகளுக்குள் வரும்போது மட்டும் டீ குடிக்கப் போகிற மனுஷருடைய நடைதான்.

ஊர் முதலில் பயந்தது. அவர் வருவதற்குச் சற்று முன்னால் அழுகிற குழந்தைகள் அழுகையை நிறுத்திக் கிழக்குச் சுவரைப் பார்க்கும். அப்புறம் சுவரிலிருந்து நிழல் வரும், அதன் பின்னால் ஆள் வருவார், குளிர்பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு காற்று அடிக்கும். ஒரு வீட்டில் நடுமத்தியானம் அவர் தோளில் பனி இருந்தது. அலறினவர்கள், கதவில் எலுமிச்சம்பழம் கட்டினவர்கள், வீட்டை விற்கிறேன் என்று குதித்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஒரு வருஷம் போனதும் அவர் வருகிற நேரம் பஸ் நேரம் மாதிரி ஆகிவிட்டது. வழியில் இருக்கிற நாற்காலியை நகர்த்தி வைத்தார்கள், அவ்வளவுதான். பல் டாக்டர் தன் அறையில் அந்த நேரத்துக்கு யாருக்கும் ஊசி போடுவதில்லை என்று வைத்துக்கொண்டார்.

வரைபடக்காரிக்கு மட்டும் அது பஸ் நேரம் ஆகவில்லை. பிறர் வீட்டு ஜன்னல்களில் நின்று புருஷன் போவதைப் பார்ப்பது அவளுக்குத் தாங்கவில்லை. விலகிப் போகிற பாதை உலகத்தை ஒரு நெசவு நெய்துவிட்டு ஒருநாள் பழைய தடத்திலேயே வந்து விழும் என்பது அவளுக்குத் தெரியும். உட்கார்ந்து கணக்குப் போட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவளுடைய சமையலறை. பழைய தட்டை வரைபடத்தை, வாசல்படியில் கிழிசல் வைத்த அதே வரைபடத்தை, தன் லேப்டாப்பில் தயாராக வைத்தாள். ஒரு விசையை அழுத்தினால் நிலையத்தின் எல்லாத் திரைகளிலும் உலகம் மறுபடி தட்டையாகிவிடும். அவர் வாசல்படியை அடையும்போது அது ஓரமாகியிருக்கும். ஓரத்தில் கால் நின்றுவிடும். அப்புறம் வேலை போனாலும் போகட்டும் என்று முடிவுசெய்தாள். நாத்தனார் தலைக்குக் குளித்துவிட்டு வந்து அடுப்படியில் நின்றாள். “ஒரு தடவ உன் வாயால அவன கீழ எறக்கின. இந்தத் தடவ உன் கையால எறக்கு. அதுக்கும் இதுக்கும் சரியாப் போயிடும்” என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே நல்ல மனசோடுதான் சொன்னாள். அதுதான் வரைபடக்காரியைக் குடைந்தது.

டீ கொதித்து இறக்கியாயிற்று. முதலில் நிழல் வந்தது, அடுப்பின்மேல், விடிகாலை நிழல். பிறகு அவர் வந்தார். தலை நரைத்திருந்தது, முகம் காற்றில் காய்ந்த செங்கல் நிறத்தில் இருந்தது. வரைபடக்காரி இடது கையால் டம்ளரை நீட்டினாள், வலது விரல் விசையின்மேல் இருந்தது. அவர் லேப்டாப்பைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். பிறகு, அன்று டாக்டர் அறையில் பார்த்த மாதிரியே அவளைப் பார்த்தார். அவர் டம்ளரை வாங்கி நடந்துகொண்டே ஒரு வாய் குடித்தார். “இப்பல்லாம் மயக்கமே வர்றதில்ல” என்றார்.

வாசல்படிக்கு இன்னும் இரண்டு எட்டு இருந்தது. அவள் விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் படியைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, முன்கதவு வழியாகப் போனார். அவள் அழுதாள், அழுகையோடு அழுகையாக மனசில் எத்தனையோ வருஷத்து முள் ஒன்று கழன்றதையும் உணர்ந்தாள். நாத்தனார் திட்டுவாள் என்று காத்திருந்தாள். நாத்தனார் மூடிய கதவைப் பார்த்துவிட்டு, “டம்ளரயும் கொண்டு போயிட்டான் பாரு” என்றாள். டம்ளரை அடுத்த சுற்று முடிந்ததும் தையல்காரர் மனைவி கொண்டுவந்து கொடுத்தாள். தையல் மிஷின்மேல் வைத்துவிட்டுப் போனாராம், கழுவாமல்.

அதற்கப்புறம் கேப்டன் தன் வீட்டுக்கு வருகிற நாள்கள் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தன. அந்த நாள்களில் வரைபடக்காரி டீ போடுவாள். நாத்தனார் ஊசியில் நூல் கோத்துப் பட்டனோடு அடுப்பருகே நிற்பாள். சுவரிலிருந்து வாசல்படி வரைக்கும் கூடவே நடந்துகொண்டு ஒரு குத்து, இல்லாவிட்டால் இரண்டு குத்து குத்தத்தான் நேரம் இருக்கும். “கையச் சும்மா வெச்சுக்கடா” என்று அதட்டுவாள். அவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டிக் கொடுப்பார். நிலையத்தில் பார்வையாளர்கள் ஓயாமல் கேட்டதால் மேலாளர் அந்தப் புள்ளிக்கு ஒரு நம்பர் போட்டுக் கொடுத்தார்.

பட்டன் இன்னும் முழுசாக நிற்கவில்லை. போன தடவை நாத்தனார் நூலை வெட்டுவதற்குள் அவர் படியைத் தாண்டிவிட்டார், ஊசி அவர் சட்டைக் கையிலேயே போய்விட்டது. நூல் அடுப்படி மேடையிலிருந்து வாசல்படி தாண்டி, கதவின் அடியால் தெருவுக்குப் போகிறது. தெருவில் போகிறவர்கள் காலைத் தூக்கித் தாண்டிப் போகிறார்கள். நூல்கண்டு மேடைமேல் நின்ற இடத்திலேயே சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது, குறைந்த மாதிரி தெரியவில்லை. வரைபடக்காரி காய் நறுக்கும்போது அதைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தி வைத்துக்கொள்கிறாள்.